விண்ணுக்குப் போய் வந்த பொருள்: எதை வைத்து நம்புவது?

"அப்பலோ 11 பதக்கம், சந்திரனுக்குப் போய் வந்தது, விலை பேசிக்கொள்ளலாம்" என்ற மாதிரி விளம்பரங்கள் இப்போது போனில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஹட்டனில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவி அப்படி ஒன்றைக் காட்டி, "சேர், இது மெய்தானா?" என்று கேட்டாள். படத்தில் இருந்தது பழைய பதக்கம்தான். மனிதர் முதன்முதலில் சந்திரனில் இறங்கிய அந்த 1969 பயணத்துக்காக, அந்தக் காலத்தில் பொதுமக்களுக்காக ஏராளமாக அடித்து விற்ற நினைவுப் பதக்கங்களில் ஒன்று. பழையது என்பதும் மெய், அப்பலோ 11க்காக அடித்தது என்பதும் மெய். சந்திரனுக்குப் போய் வந்தது என்பது மட்டும் பொய்.

இந்த விஷயத்தில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான். "அசலா, போலியா" என்று ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறோம். கேட்க வேண்டியவை இரண்டு: பொருள் அசலா? அது உண்மையில் பறந்ததா? இரண்டாவது கேள்விக்குப் பொருளைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது, அப்படியானால் எதைப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

## மூன்று வகை

விண்வெளிப் பொருள் என்று ஒரே பெயரில் மூன்று வகைச் சாமான்கள் விற்பனைக்கு வருகின்றன.

முதலாவது, நினைவுப் பொருள். ஒரு பயணத்தைக் கொண்டாடுவதற்காகப் பூமியில் செய்து பூமியிலேயே விற்றவை. பதக்கம், முத்திரை, சட்டையில் தைக்கும் சின்னம் எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, பறக்காத அசல். பயணத்துக்காகவே செய்த பொருள்தான், ஆனால் பயிற்சிக்கோ கையிருப்புக்கோ என்று தரையில் நின்றுவிட்டது. மூன்றாவதுதான் பறந்த பொருள்: மனிதர் ஏறிப்போன விண்கலத்தில் ஏற்றப்பட்டு, விண்வெளியைத் தொட்டு, திரும்பி வந்தது.

மூன்றும் கண்ணுக்கு அச்சாக ஒன்றுபோல இருக்கலாம். ஒரே இயந்திரத்தில் ஒரே நாளில் நெய்த இரண்டு கொடிகளில் ஒன்று பறந்திருக்கும், மற்றது அலுமாரியில் கிடந்திருக்கும். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

## தேயிலைப் பையின் இலக்கம்

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரிலிருந்து தேயிலை வெளியேறும்போது, பையின் மேல் தோட்டத்தின் பெயர்க்குறி, தேயிலைத் தரம், நிறை, இன்வொய்ஸ் இலக்கம் எல்லாம் இருக்கும். அதே இலக்கம் ஸ்டோர்க் கணக்கிலும் இருக்கும். லொறியோடு போகும் தாளிலும், கொழும்பு ஏலத்துக்கான தரகரின் பட்டியலிலும் அது திரும்ப வரும். 1883இல் தொடங்கிய அந்த ஏலம் இன்றுவரை நடப்பது இந்த ஒழுங்கின் மேல்தான். வாங்குபவர் ஸ்டோரைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனாலும் எந்தத் தோட்டத்துத் தேயிலை என்பதை இலக்கத்தைப் பிடித்துப் பின்னால் போய்ச் சரிபார்க்கலாம்.

அதே பையைக் கடையில் பிரித்து, வேறொரு தேயிலையோடு ஒரு டின்னில் கொட்டிவிட்டால் கதை முடிந்தது. இலை மாறவில்லை. ஆனால் "இது அந்தத் தோட்டத்துத் தேயிலை" என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது.

விண்ணில் பறந்த பொருளும் இப்படித்தான். ஒரு பொருள் கலத்தில் ஏறியது முதல் இன்று நம் கைக்கு வரும்வரை யார் யாரிடம் இருந்தது, அதற்கு என்ன எழுத்து ஆதாரம் என்ற தொடரை 'வந்த வழி' என்று சொல்வோம். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் இந்த வந்த வழிக்குத்தான். இந்தத் தொடர் நடுவில் அறுந்துவிட்டால், உண்மையிலேயே பறந்த பொருளும் பறக்காததன் விலைக்கு இறங்கிவிடும்.

தேயிலைக்காவது ருசி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பக்கத்து மலை, எந்தப் பருவத்துக் கொழுந்து என்று அவர்கள் நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார்கள். விண்வெளிப் பொருளுக்கு அந்த வசதி இல்லை. அது ஏன் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

## விண்வெளி அடையாளம் விடுமா?

பலர் மனதில் ஒரு எண்ணம் இருக்கிறது: விண்வெளிக்குப் போன பொருளில் ஏதோ ஒரு மாற்றம் ஏற்பட்டிருக்கும், ஆய்வுகூடத்தில் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. விண்கலத்தின் உள்ளே வைத்த பொருட்களைப் பொறுத்தவரை இது பிழை.

கலத்தின் உட்புறம் மனிதர் வாழும் இடம். சட்டையோடு உட்கார்ந்திருக்கக் கூடிய வெப்பநிலை, மூச்சு விடக் கூடிய காற்று. அப்பலோ கலங்களில் விண்வெளியில் இருந்தது கடல்மட்ட அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தமுள்ள ஒட்சிசன். ஒரு பைக்குள் மடித்து வைத்த துணிக்கொடிக்கு இது ஒன்றும் செய்யாது. எடையின்மையும் அப்படித்தான். பூமியைச் சுற்றும் கலமும் அதற்குள் இருக்கும் எல்லாமும் ஒன்றாகப் பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கின்றன; பக்கவாட்டில் மிக வேகமாகப் போவதால் தரையைத் தொடாமல் சுற்றுகின்றன. எல்லாம் சேர்ந்து விழும்போது ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. எடையின்மை அவ்வளவுதான். துணியின் நூலிலோ பதக்கத்தின் வெள்ளியிலோ அது எந்தத் தடத்தையும் பதிப்பதில்லை. சில நாள் பயணத்தில் படும் கதிர்வீச்சும் ஒரு கொடியில் பிறகு அளந்து காட்டக்கூடிய அடையாளத்தை விடாது.

வெளியே இருந்த பொருட்களின் கதை வேறு. சந்திரனிலிருந்து திரும்பும் கலம் செக்கனுக்குச் சுமார் 11 கிலோமீற்றர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைகிறது. அதன் முன்னால் இருக்கும் காற்று ஒதுங்க நேரமில்லாமல் நசுங்கிச் சூடேறும். வெப்பக் கவசத்தின் மேற்பரப்பு சுமார் 2,700 பாகை செல்சியஸைத் தொடும். கவசம் கருகிக் கருகி உதிர்ந்து, அந்த வெப்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. அப்படிக் கருகிய துண்டில் பயணத்தின் தழும்பு இருக்கும்.

சந்திரத் தூசும் அடையாளம் விடும். அங்கே காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. நம் ஆற்று மணல் உருண்டு தேய்வதுபோலத் தேய வழியில்லாததால், அந்தத் தூசியின் ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடிபோலக் கூராக இருக்கும். உடையின் தையலுக்குள் ஏறிவிட்டால் லேசில் போகாது. கலத்துக்குள் வந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும், வெடித்த துப்பாக்கி மருந்தின் வாசம் அடித்ததாக வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: உள்ளே வைத்துக் கொண்டுபோன பொருளில் எந்த அடையாளமும் இருக்காது, வெளியே பட்டதில் இருக்கலாம். சந்தைக்கு வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை முதல் வகை. அதனால்தான் ஆய்வுகூடத்தைவிட ஆவணம் முக்கியமாகிறது.

## கலத்துக்குள் போனது எப்படி?

ஆரம்பத்தில் இதற்குப் பெரிய கட்டுப்பாடு இருக்கவில்லை. 1961இல் அமெரிக்க வீரர் கஸ் கிரிஸம் பறந்த லிபர்ட்டி பெல் 7 கலம் கடலில் மூழ்கிப்போனது. 1999இல் அதைக் கடலடியிலிருந்து தூக்கியபோது, நினைவுக்காகக் கொண்டுபோயிருந்த பத்து சத நாணயங்கள் உள்ளே கிடைத்தன. 1965 மார்ச்சில் ஜெமினி 3 பயணத்தில் வீரர் ஜோன் யங் மாட்டிறைச்சி சான்ட்விச் ஒன்றை உடையில் மறைத்துக் கொண்டுபோய்விட்டார். பாண் துணுக்குகள் மிதந்து கருவிகளுக்குள் போனால் ஆபத்து என்பதால், அந்த விஷயம் அமெரிக்கக் காங்கிரஸில் கேள்வியாக எழுந்தது.

பிறகு ஒழுங்கு வந்தது. ஒவ்வொரு வீரருக்கும் சொந்தப் பொருட்களுக்கென்று ஒரு சிறிய துணிப்பை கொடுத்தார்கள். அதன் ஆங்கிலப் பெயரை (Personal Preference Kit) சுருக்கிப் 'பீபீகே' என்பார்கள். சேகரிப்பு உலகில் இந்தச் சொல் அடிக்கடி வரும். அப்பலோ காலத்தில், வீரர்களைப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவரும் தாய்க்கலத்தில் ஒருவருக்கு 5 இறாத்தல், அதாவது சுமார் 2.27 கிலோ, சந்திரனில் இறங்கும் கலத்தில் வெறும் அரை இறாத்தல், சுமார் 227 கிராம். இறங்கும் கலத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் எரிபொருள் கணக்குப் பார்த்தார்கள். சந்திரத் தரையைத் தொட்ட தனிப்பட்ட பொருட்கள் இத்தனை அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம். பின்னாளில், திரும்பத் திரும்பப் பறந்த விண்ணோடங்களில் (ஸ்பேஸ் ஷட்டில்) ஒருவருக்கு 20 பொருட்கள், மொத்தம் சுமார் 680 கிராம் என்று விதி இருந்தது. இதற்குப் புறம்பாக, நிறுவனங்களுக்கும் ஊழியர்களுக்கும் பரிசளிப்பதற்கென்று நாசா தன் பெயரில் கொண்டுபோகும் பொதியும் இருந்தது. கொடிகளும் சின்னங்களும் நூற்றுக்கணக்கில் பறந்தது அதில்தான்.

பைக்குள் என்ன போகிறது என்று பட்டியல் எழுதினார்கள். இன்று ஒரு பொருளை நிரூபிக்கும்போது முதலில் தேடுவது அந்தப் பட்டியலைத்தான். அப்பலோ 7 முதல் ரொபின்ஸ் என்ற நிறுவனம் வீரர்களுக்காக வெள்ளிப் பதக்கங்கள் செய்து கொடுத்தது. பொதுமக்களுக்கு விற்காத பதக்கங்கள் அவை. பறந்தவற்றில் வரிசை இலக்கம் பொறித்திருக்கும். அப்பலோ 11இல் போனவை ஏறத்தாழ 450. என் மாணவி காட்டிய விளம்பரத்துக்கும் இந்தப் பதக்கங்களுக்கும் இடையில் இருப்பது அந்தச் சிறிய இலக்கமும் அதன் பின்னால் நிற்கும் பதிவேடும்தான்.

கலப்படமும் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். அப்பலோ 14இல் பறந்த சில வெள்ளிப் பதக்கங்களை உருக்கி, வேறு நிறைய வெள்ளியோடு கலந்து, சின்னஞ்சிறு பதக்கங்களாக அடித்து ஒரு நாணயச்சாலை தன் வாடிக்கையாளருக்கு அனுப்பியது. அவற்றில் பறந்த வெள்ளி இருப்பது பொய்யில்லை, ஆனால் மிக மிகக் கொஞ்சம். அதைப் 'பறந்த பதக்கம்' என்று விற்பது நேர்மையில்லை என்பது என் அபிப்பிராயம்.

## எவ்வளவு தூரம் போனது? திரும்பி வந்ததா?

பறந்தது என்பதிலும் படிகள் இருக்கின்றன. பூமியைச் சுற்றிவிட்டு வந்தவை ஒரு படி. சந்திரனைச் சுற்றி வந்தவை அதற்கு மேல். இறங்கும் கலத்தில் சந்திரத் தரைவரை போனவை இன்னும் மேல். வீரரோடு கலத்துக்கு வெளியே போய்ச் சந்திர மண்ணில் நின்றவை உச்சி.

அந்த உச்சிக்கு நல்ல உதாரணம் அப்பலோ 15இன் தளபதி டேவிட் ஸ்கொட் கட்டியிருந்த புலோவா கைக்கடிகாரம். நாசா கொடுத்த ஒமேகா கடிகாரத்தின் கண்ணாடி இரண்டாவது சந்திர நடையின்போது கழன்றுவிட்டது. மூன்றாவது நடைக்குத் தன் சொந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனார். ஒமேகாக்கள் அரசாங்கச் சொத்து. இது அவருடைய சொந்தச் சொத்து. சந்திரத் தரையில் எடுத்த படங்களும் இருக்கின்றன. 2015இல் அது 16 இலட்சத்து 25 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. எங்கே போனது, யாருடையது, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்ற மூன்று கேள்விக்கும் அதற்குப் பதில் இருந்தது.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இன்னொரு சோதனை. அதற்குக் காசும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். அந்தப் பாகம் திரும்பி வரும் பாகமா என்று யோசித்துப் பாருங்கள். அப்பலோ கலங்களைச் சந்திரனுக்கு ஏற்றிச் சென்ற சற்றேர்ன் 5 ரொக்கெட் கிளம்பும்போது சுமார் 2,900 தொன். கடலில் வந்து இறங்கியது வீரர்கள் இருந்த சுமார் 5 தொன் கூம்பு வடிவத் தாய்க்கலம் மட்டும். கீழடுக்குகள் கடலில் விழுந்தன, தாய்க்கலத்தின் பின்னால் ஒட்டியிருந்த சேவைக் கலம் வளிமண்டலத்தில் எரிந்தது, இறங்கும் கலம் வீடு திரும்பவே இல்லை. ஆகவே அப்பலோ 11இன் இறங்கும் கலமான ஈகிளைச் சொல்லி, "ஈகிள் கலத்தின் துண்டு" என்று யாராவது விற்றால், வீரர்கள் அதைக் கையோடு கழற்றித் தாய்க்கலத்துக்கு எடுத்து வந்தார்கள் என்பதற்குச் சான்று வேண்டும்.

அப்படி எடுத்து வந்ததும் உண்டு. நீல் ஆம்ஸ்ட்ரோங் 2012இல் காலமான பிறகு, வீட்டு அலுமாரியொன்றில் ஒரு வெள்ளைத் துணிப்பை கிடைத்தது. ஈகிளில் இருந்த கமரா, இடுப்பில் கட்டும் கயிறு, இன்னும் சில சில்லறைச் சாமான்கள் அதற்குள் இருந்தன. திரும்பும் வழியில், இறங்கும் கலத்திலிருந்து சுமார் 10 இறாத்தல் சில்லறைச் சாமான் எடுத்து வருகிறோம் என்று வீரர்கள் தரைநிலையத்துக்குச் சொன்னது பதிவில் இருக்கிறது. கலம் சரியான கோணத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைய அந்த நிறையையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்ததால்தான் சொன்னார்கள். 40 வருஷத்துக்கு மேல் யாரும் கவனிக்காத அந்த ஒரு வரி பையின் வந்த வழியை உறுதிசெய்ய உதவியது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சான்று இதுதான்.

ரொக்கெட்டின் கீழடுக்கிலிருந்தும் ஒரு முறை சாமான் மேலே வந்தது. 2013இல் அத்திலாந்திக் கடலடியிலிருந்து, அமேசன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் பணம் செலவழித்த ஒரு குழு, சற்றேர்ன் 5இன் அடியடுக்கில் இருந்த எஃப்-1 என்ஜின்களைத் தூக்கியது. துருவைச் சுத்தம் செய்தபோது 2044 என்ற இலக்கம் தெரிந்தது. அது அப்பலோ 11இன் என்ஜின்களில் ஒன்றின் இலக்கம். திரும்பவும் இலக்கமும் பதிவேடும்தான்.

நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளான இராவணா-1ஐயும் இதே சோதனையில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் ஜப்பானில் செய்த அந்தச் சுமார் 1 கிலோப் பெட்டி, 2019 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூனில் அங்கிருந்து வெளியே விடப்பட்டது. திரும்பி வருவதற்காகச் செய்த பொருளல்ல அது. உயரம் குறைந்து வளிமண்டலத்தில் எரிந்துபோகும் வகை. "பறந்த இராவணாவின் துண்டு" என்று எதிர்காலத்தில் யாராவது விற்க வந்தால், வேறெதையும் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

## 398 கடித உறைகள்

கடித உறை சேகரிப்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். முத்திரை ஒட்டிச் சீல் குத்திய உறையைக் 'கவர்' என்றுதான் சொல்வார்கள். அப்பலோ 15 கவர்களின் கதை அவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது.

1971இல் அந்தப் பயணத்தில் 641 கவர்கள் போயின. அவற்றில் 243க்கு அனுமதி இருந்தது. மற்ற 398 அனுமதி இல்லாமல் போனவை. அவற்றில் 100ஐ ஜேர்மனியில் ஒரு முத்திரை வியாபாரிக்குக் கொடுக்க முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்தது. வீரர் ஒவ்வொருவருக்கும் சுமார் 7,000 டொலர் கிடைக்க இருந்தது. வியாபாரி உடனே விற்கத் தொடங்கியதும் விஷயம் வெளியே வந்துவிட்டது. வீரர்கள் பணத்தைத் திருப்பினார்கள். 1972இல் நாசா அவர்களைக் கண்டித்தது, கையில் மிஞ்சியிருந்த கவர்களைப் பறித்தது. பிறகு அந்த வீரர்களில் ஒருவரான அல் வோர்டன் வழக்குப் போட, 1983இல் கவர்கள் வீரர்களிடமே திரும்பி வந்தன.

அனுமதியில்லாமல் போன அந்தக் கவர்கள் இன்று நல்ல விலைக்கு நேர்மையாகக் கைமாறுகின்றன. விசாரணை நடந்ததால், எத்தனை போயின, யாரிடம் எத்தனை போய்ச் சேர்ந்தன என்பதெல்லாம் எழுத்தில் வந்துவிட்டது. குற்றமாக எழுதப்பட்ட பதிவே பொருளுக்குச் சான்றாக நிற்கிறது.

## யாருக்குச் சொந்தம்?

பறந்தது உண்மை என்றாலும் விற்பவருக்கு அதை விற்க உரிமை இருக்க வேண்டும். அப்பலோ 13இல் அதன் தளபதி ஜிம் லவல் பயன்படுத்திய குறிப்புப் புத்தகம் 2011இல் 3,88,375 டொலருக்கு ஏலம் போனபோது, அது அரசாங்கச் சொத்தா என்று நாசா கேள்வி எழுப்பியது. 2012இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது: அமெரிக்காவின் முதல் மனிதப் பயணத் திட்டமான மேர்குரி முதல் 1975இன் அப்பலோ-சோயுஸ் வரையிலான பயணங்களில் வீரர்கள் நினைவாக வைத்துக்கொண்ட பொருட்கள் அவர்களுக்கே சொந்தம். சந்திரக் கற்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது.

சந்திரக் கல்லைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்பலோ வீரர்கள் கொண்டுவந்த 382 கிலோவும் அரசாங்கச் சொத்து. அமெரிக்கா பிற நாடுகளுக்கு அன்பளித்த துண்டுகளும் அந்தந்த நாடுகளின் சொத்து. ஹொண்டூராஸுக்குக் கொடுத்த ஒரு துண்டு தனியார் கைக்குப் போய், 50 இலட்சம் டொலருக்கு விலை பேசப்பட்டு, 1998இல் இரகசியப் பொலிஸ் நடவடிக்கையில் பிடிபட்டது. விண்கல்லாகத் தானே பூமியில் விழுந்த சந்திரத் துண்டுகளைச் சட்டப்படி வாங்கலாம். ஆனால் அவை பறந்த பொருளில் சேராது.

நெதர்லாந்தில் ஒரு பெரிய நூதனசாலை, முன்னாள் பிரதமர் ஒருவரின் உடைமைகளோடு வந்த கல்லைச் சந்திரக் கல் என்று வைத்திருந்தது. 2009இல் பரிசோதித்தபோது அது கல்லாகிப்போன மரம் என்று தெரிந்தது. அப்பலோ 11 மண்ணில் 135 நாடுகளுக்குக் கொடுத்தது தலா சுமார் 0.05 கிராம்தான். அப்படியிருக்க, தனியொருவருக்குக் கை நிறையக் கல் கொடுத்திருப்பார்களா என்று அன்றே யாராவது கேட்டிருந்தால் போதும்.

மறுபக்கமும் உண்டு. அப்பலோ 11இல் முதல் மண்ணை அள்ளிப் போட்ட பை, அடையாளம் தெரியாமல் ஓர் அரசாங்க ஏலத்தில் வந்து, 2015இல் 995 டொலருக்குப் போனது. வாங்கிய பெண்மணி பரிசோதனைக்காக நாசாவிடம் அனுப்பினார். தையலுக்குள் சந்திரத் தூசு இருந்தது, பையின் இலக்கமும் பொருந்தியது. நாசா பையைத் திருப்பித் தர மறுத்தது. நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் தீர்ப்பளித்தது, 2017இல் அது 18 இலட்சம் டொலருக்கு மேல் விலை போனது.

கடைசியாக ஒன்று: செலஞ்சர், கொலம்பியா விண்ணோட விபத்துகளின் சிதைவுகள். அவை அரசாங்கச் சொத்து மட்டுமல்ல, உயிர் போன இடத்தின் எச்சம். யார் விற்றாலும் வாங்க வேண்டாம்.

## சான்றை எடைபோடுவது

விற்பவர் தானே அச்சடித்துக் கொடுக்கும் 'உறுதிப் பத்திரம்' சான்றாகாது. சான்றாவது, பறந்தவரோ அதை அவரிடமிருந்து நேரே பெற்றவரோ எழுதிய கடிதம். அதுவும் "இது பறந்தது" என்ற ஒற்றை வரி போதாது. எந்தப் பயணம், எந்தப் பை, பிறகு யாரிடம் கொடுத்தார், பொருளின் இலக்கமோ அளவோ என்ன என்று கடிதம் இந்தப் பொருளைத்தான் சொல்கிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

இலக்கம் இல்லாத பொருளுக்குப் படப் பொருத்தம் உதவும். பயணத்தில் எடுத்த படத்தில் தெரியும் கறை, கீறல், தையல் வளைவு ஆகியவற்றைக் கையிலிருக்கும் பொருளோடு ஒன்றுக்கொன்று ஒப்பிடுவது. ஒரே மாதிரிச் செய்த இரண்டு உறைகளில்கூட, கறை ஒரே இடத்தில் ஒரே வடிவில் விழாது.

கையெழுத்திலும் கவனம் வேண்டும். மக்களிடமிருந்து வந்த கடிதங்கள் மலைபோலக் குவிந்ததால், வீரர்களின் கையெழுத்தைப் போடும் ஆட்டோபென் என்ற இயந்திரத்தை நாசா பயன்படுத்தியது. இயந்திரம் போட்டவை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்தும். மனிதக் கை இரண்டு முறை அப்படிப் போடாது.

ஆக, நம்பத் தகுந்த பொருளில் மூன்றும் இருக்க வேண்டும்: பறந்ததற்கான எழுத்து, கைமாறியதற்கான தொடர், விற்பதற்கான உரிமை. முதல் இரண்டில் ஒன்று குறைந்தாலும் பறக்காததன் விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்; உரிமை இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

## மலையகத்திலிருந்து தொடங்குபவருக்கு

இலட்சக்கணக்கான டொலர் பேசிவிட்டேன், பயந்துவிட வேண்டாம். 1983இல் எஸ்டிஎஸ்-8 என்ற பயணத்தில் செலஞ்சர் விண்ணோடம் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட கவர்களை ஏற்றிச் சென்று திரும்பியது. அமெரிக்கத் தபால் திணைக்களமே அவற்றை 15.35 டொலருக்கு மக்களுக்கு விற்றது. கழுகும் நிலவும் உள்ள பெரிய முத்திரை ஒட்டியிருக்கும். அரசாங்கமே ஏற்றியது, அரசாங்கமே விற்றது, எண்ணிக்கை வெளியில் தெரியும் என்பதால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. நிறைய இருப்பதால் இன்றும் சாதாரணச் சேகரிப்பாளரின் கைக்கு எட்டும் விலைதான்.

இன்னொன்று கப்டன் (Kapton) தாள். அப்பலோ தாய்க்கலத்தின் வெளியே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் அது. திரும்பி வந்த பிறகு உரித்தெடுத்து, சிறு துண்டுகளாக்கி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் பதித்துக் கொடுத்தார்கள். என்னிடம் இருப்பது விரல் நகத்தைவிடச் சிறியது. ஒரு பக்கம் வெள்ளி மினுக்கம், மறுபக்கம் தேன் நிறம், ஓரத்தில் சுருங்கியிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். கனடாவிலிருந்து வந்த என் மைத்துனர் வாங்கி வந்தது. அதைவிடப் பத்திரமாக நான் வைத்திருப்பது அதோடு வந்த கடிதத்தை.

பாதுகாப்பு விஷயத்தில் நம் ஊர் கொழும்பைப் போலவும் இல்லை, வெளிநாட்டைப் போலவும் இல்லை. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரம் கடதாசிக்கு எமன். மழை மாதங்களில் அலுமாரிக்குள்ளும் பூஞ்சணம் பிடித்து, கவர்களில் பழுப்புப் புள்ளி விழும். முத்திரையின் பசை இளகி அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, சுவரோடு ஒட்டாமல் வையுங்கள். பொட்டலங்களை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை காயவைத்துத் திரும்பப் போடலாம். கடைகளில் கிடைக்கும் மிருதுவான, மணம் வீசும் பிளாஸ்டிக் அல்பங்கள் வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் கசிந்து மையைக் கெடுக்கும். வெள்ளிப் பதக்கம் கறுத்தால் துலக்க வேண்டாம். துலக்கினால் மேற்பரப்பு தேயும், படத்தோடு ஒப்பிட உதவும் நுண்ணிய கீறல்களும் அழிந்துபோகும்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: முக்கியமான பத்திரம் எதுவானாலும் உடனே கொண்டுபோய் லெமினேட் பண்ணிவிடுவோம். சாதாரண தரச் சான்றிதழுக்கு அப்படிச் செய்கிறோம் என்பதற்காக விண்வெளிப் பொருளின் கடிதத்துக்கும் செய்துவிடாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. மை தாளில் எப்படி ஊறியிருக்கிறது, பேனா எங்கே அழுத்தியிருக்கிறது என்று இன்னொருவர் பார்த்துச் சரிபார்க்கவும் முடியாது. கடிதத்தை ஒரு பிரதி எடுத்து, நீங்கள் வாங்கிய பற்றுச்சீட்டு, விற்றவருடன் பேசிய மின்னஞ்சல், வாங்கிய திகதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்து, பொருள் இருக்கும் டப்பாவிலேயே ஒரு தொகுதியும் வேறொரு வீட்டில் ஒரு தொகுதியும் வையுங்கள். நாளைக்கு உங்களிடமிருந்து வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.